விருந்தாளி லைன்

"தாயாரு, நேத்து நீ நாலு ஜிபி."

காலைக் காபியோடு போனைத் திறந்து, வீட்டில் யார் எவ்வளவு நெட் இழுத்தார்கள் என்று வாசிப்பது ராஜாராமின் வழக்கம். நெல் விலையைக் கூட அவர் இவ்வளவு அக்கறையாக வாசிப்பதில்லை.

"ஜெகன் ஒண்ணரை. அரவிந்தன் ஒண்ணு. நீ மட்டும் நாலு. எந்தச் சாமிக்கு இவ்ளோ பிரசங்கம் ஓடுது?"

"எல்லாச் சாமிக்குந்தான்," என்றாள் அவர் மனைவி தாயாரம்மாள், தோசையைத் திருப்பிக்கொண்டே.

"மருமகளைப் பாத்துக் கத்துக்கோ. அது பேரே இதுல வரதில்ல. போனைத் தொடறதே இல்ல."

மூத்த மகன் ஜெகனின் மனைவி வளர்மதி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டாள்.

தினமும் மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் போனில் ஆரி எம்பிராய்டரி கற்றுக்கொண்டிருந்தாள். காஞ்சிபுரம் போய்க் கற்றுக்கொள்கிறேன் என்று கல்யாணமான புதிதில் கேட்டதற்கு, "நம்ம வூட்டுப் பொண்ணு பஸ் ஏறிப் போய் ஊசி புடிக்கணுமா?" என்று மாமனார் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் போனையே நெட்டிலிருந்து வெளியே தள்ளிவிடுவார். கிரிக்கெட் பார்த்த சின்ன மகன் அரவிந்தனுக்குப் போன வருஷம் ஒரு மாசம் அப்படித்தான் ஆயிற்று.

தன் வகுப்பு கணக்கில் வருகிற அளவுக்குப் பெரிதில்லை போலிருக்கிறது என்று வளர்மதி நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் கல்யாண ஜாக்கெட் வேலை. காவாந்தண்டலத்து தமிழ்ச்செல்வி முந்தின நாள் துணியைக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள மயில் டிசைனைத் துணில எறக்கி போட்டோ அனுப்பு. இல்லன்னா காஞ்சிபுரத்துலயே குடுத்துடறோம்," என்று சொல்லியிருந்தாள்.

மயில் போனில் தயாராக இருந்தது. அதைத் தாளில் அடித்துத் துணியில் வரைந்துகொள்ள வீட்டில் பிரிண்டரும் இருந்தது. போனைக் கேட்டால் மட்டும், பிரிண்டரே இல்லை என்றது.

நெட் போட்டுக் கொடுத்த வேதகிரியைக் கூப்பிட்டாள். அவன் உத்திரமேரூரிலிருந்து வண்டியில் வந்தான். நெட் பெட்டி பூஜை அறை அலமாரியில் இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் இன்னும் அதன் நெற்றியில் இருந்தது.

வேதகிரி அவள் போனை வாங்கிப் பார்த்தான்.

"அக்கா, பிரிண்டர் ஒயர்ல வூட்டு லைன்ல கீது. உங்க போன் கெஸ்ட் லைன்ல கீது."

"அப்டின்னா?"

"விருந்தாளி வந்தா குடுக்கறதுக்குத் தனியா ஒரு லைன். அதுல கீற போனுக்கு நெட் மட்டுந்தான் வரும். வூட்டுப் பொருள் எதுவும் கண்ணுல படாது."

"என்னை யாரு அதுல போட்டது?"

வேதகிரி வாசல் பக்கம் பார்த்தான். தாயாரம்மாள் விளக்குக்குத் திரி எடுக்க வந்திருந்தாள்.

"அம்மாதான் சொன்னாங்க. மருமகப் பொண்ணுக்கு அத குடுப்பான்னு."

வளர்மதி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த அன்றைக்கு அத்தைதான் அந்த பாஸ்வேர்டைச் சொல்லிக் கொடுத்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு வருஷமா நான் இந்த வூட்ல விருந்தாளியா, அத்தை?"

தாயாரம்மாள் திரியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பவே மாத்திடறேன்கா," என்றான் வேதகிரி. "வூட்டு லைன் பாஸ்வேர்டு அடிச்சா ஆச்சு."

"மாத்தாதப்பா," என்றாள் தாயாரம்மாள்.

"இன்னாம்மா?"

"அது அப்டியே கெடக்கட்டும்."

வளர்மதி துணியை மடிக்க ஆரம்பித்தாள். நேற்று ராத்திரியே சட்டத்தில் இழுத்துக் கட்டலாம் என்று எடுத்து வைத்த துணி.

"விடுங்க வேதகிரி. விருந்தாளிக்கு எதுக்கு பிரிண்டர்? அவங்க காஞ்சிபுரத்துலயே குடுத்துக்கட்டும்."

"துணிய கீழ வை," என்றாள் தாயாரம்மாள். இடுப்பிலிருந்த தன் போனை எடுத்து வேதகிரியிடம் நீட்டினாள். "அந்த மயிலை இதுக்கு மாத்து. இத வூட்டு லைன்ல சேத்து அடிச்சுக் குடு. அடிச்சதும் எடுத்துடு."

வளர்மதி துணியைக் கீழே வைத்தாள். மாமியார் போனுக்கு மட்டும் வீட்டு லைன் என்பதை மனசில் குறித்துக்கொண்டாள். கண் கலங்கியது சாம்பிராணிப் புகையால் என்று வைத்துக்கொள்ள, அன்றைக்கு இன்னும் புகை போடவில்லை.

வேதகிரி படத்தை மாற்றினான், பாஸ்வேர்டு அடித்தான். பிரிண்டர் ஒரு தடவை முனகிவிட்டு மயிலைத் தோகையிலிருந்து வெளியே விட்டது. ஜாக்கெட்டின் வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று.

வேதகிரி மட்டும் அந்தப் போனையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, இந்த போன் இப்பதான் மொதோ தபா வைஃபைல ஏறுது."

"அதுக்கு இன்னா இப்போ?"

"இல்லம்மா, நெட் போட்ட அன்னிக்கு, ஐயா போன்ல வர்ற கணக்குல கெஸ்ட் லைனுக்கு உங்க பேரை வெக்கச் சொன்னீங்களே. நீங்களும் அதுலதான் பாக்கறீங்கன்னு நெனச்சேன். அதுல இதுவரைக்கும் அக்கா போன் ஒண்ணுதான் கீது."

வளர்மதி மயிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அத்தை, அப்போ தினம் காலைல மாமா உங்களைக் கேக்கற அந்த நாலு ஜிபி..."

"மெதுவாப் பேசு," என்றாள் தாயாரம்மாள், விளக்கில் திரியைப் போட்டுக்கொண்டே. "அவரு ஹால்லதான் கீறாரு."