மைக் அணைந்த பிறகு

பிரஸ்ஸல்ஸில், மக்களின் மனுக்களை விசாரிக்கும் ஐரோப்பிய நாடாளுமன்ற அறையில் பேச வந்திருந்தாள் ஃபின்லாந்துக்காரி தூலிக்கி. சுரங்கக் கழிவு ஏரியில் கலந்ததையும், அந்தத் தண்ணீரைக் குடித்த கணவன் என்ஸியோ செத்ததையும் சொல்லி முடிப்பதற்குள் தலைவர் மைக்கை அணைத்தார்.

"நேரம் முடிஞ்சுது மேடம், உட்காருங்க."

"மாட்டேன்."

வாயை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். ஆனாலும் உறுப்பினர்கள் யாரும் மொழிபெயர்ப்பு கேட்கும் காதுக்கருவியைக் கழற்றவில்லை, சிலர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் மொழிபெயர்ப்பாளர்களின் கண்ணாடிக் கூண்டுகளை அண்ணாந்து பார்த்துக் கத்தினார்.

"இன்னும் யாருங்க பேசுறது?"

"நாங்க இல்லீங்க," என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் வெளியே வந்து சொன்னார். மற்றவர்களும் வெளியே வந்துவிட்டதால் கூண்டுகள் காலியாக இருந்தன.

தூலிக்கி தன் கருவியைக் காதில் வைத்தாள். எந்தக் குழாயில் கழிவு வந்தது, யார் மூடி மறைத்தார்கள் என்று ஓர் ஆண்குரல் ஃபின்னிஷில் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நடுநடுவே இருமியது. அந்த இருமலை அருகில் படுத்துக் கேட்டவள் அவள். பக்கத்திலிருந்த போர்ச்சுகல் உறுப்பினருக்கு அதே குரல் போர்ச்சுகீசில் கேட்டது.

தலைவர் சொல்லி, ஊழியர் மின் இணைப்பைப் பிடுங்கினார். கருவிகளின் சிறுவிளக்குகள் அணைந்தன. குரல் நிற்கவில்லை.

"அவரு பேசி முடிக்கட்டும்," என்றாள் தூலிக்கி.