எஸ். கஸ்பார்

அது அவர் இல்லை. ஜெப்ஸியின் வீட்டுக்காரர்.

கல்லின் முன்னால் வந்து நிற்கும்போதெல்லாம் டெல்மா முதலில் இதைத்தான் நினைத்துக்கொள்வாள். செபம் அதற்குப் பிறகுதான்.

ஒக்கிப் புயலில் போனவர்களுக்காக, கடற்கரையில் மாதா சுரூபம் வைத்த கெபிக்குப் பக்கத்தில் நட்ட கருங்கல். உச்சியில் ஒரு நங்கூரம், அதன் கீழே பெயர்கள். அவற்றில் ஒன்று எஸ். கஸ்பார்.

ஊரில் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயரைத்தான் வைப்பார்கள். அண்ணன் தம்பியான சூசைக்கும் சிலுவைக்கும் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்ததால், கிழவர் கஸ்பாரின் பெயர் இரண்டு வீட்டுக்கும் போனது. சூசையின் மகன் டெல்மாவின் கணவர். சிலுவையின் மகன் ஜெப்ஸியின் கணவர்.

இரண்டு எஸ். கஸ்பாரும் ஒரே விசைப்படகில், பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கப் போனார்கள். படகும் வரவில்லை. உடல்களும் வரவில்லை.

கல்வெட்டியவர், ஒரே பெயரைத் தவறுதலாக இரண்டு தடவை எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒன்றை விட்டுவிட்டார்.

திறப்பு விழாவன்று டெல்மா பெயர்களை மேலிருந்து கீழே படித்தாள். பிறகு கீழிருந்து மேலே. ஒரு கஸ்பார்தான் இருந்தார்.

வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் அவளால் வயிறு நிறையச் சாப்பிட முடிந்தது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஜெப்ஸியிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பாவம், அவளுடையவர் கல்லில் இருக்கிறார். காலைப் பூசை முடிந்து வந்து, பெயரைத் தொட்டு விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டுப் போவாளாக இருக்கும். டெல்மா சாயங்காலம் வருவாள். தள்ளி நிற்பாள். துறைமுகத்துக்குள் போக முறை பார்த்து வெளியே நிற்கும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இன்னும் தலையில் பூ வைத்திருக்கிறாளே என்று மற்றப் பெண்கள் அவளைப் பார்ப்பார்கள்.

பார்க்கட்டும்.

இன்றைக்குக் காலையில் இரண்டு பேரையும் சேர்த்து வரச்சொல்லியிருந்தார்கள். ஊர்க் கமிட்டித் தலைவர் ஆன்டனி அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். கல்வெட்ட வந்திருந்த நயினார் உளிகளைச் சாக்கில் பரப்பிக்கொண்டிருந்தான்.

“ஏலே, நீயாவது ஒழுங்கா வெட்டு. போன தடவ வந்தவன் கடலுக்கே அண்ணன். ஒரு ஆளையே முழுங்கிட்டான்.”

சொன்ன பிறகுதான் பெண்கள் நிற்பதைக் கவனித்தார். செருமிக்கொண்டார்.

“சாமியாரு ஏசுதாரு, டெல்மா. இத்தன வருசமா ஒருத்தனுமா கவனிக்கலன்னு. ரெண்டாவது பேரையும் வெட்டிருவோம். தகப்பன் பேர முழுசாப் போட்டுட்டா கொழப்பமில்ல. இப்பக் கல்லுல இருக்கது யாரு, அத மட்டும் சொல்லுங்க.”

டெல்மா ஜெப்ஸியின் பக்கம் திரும்பினாள். அவள் சொல்லட்டும். அவளுடையவர்தானே.

“அது அக்கா வீட்டுக்காரருல்லா,” என்றாள் ஜெப்ஸி.

யோசிக்காமல் சொன்னாள். மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியவள் சொல்வதைப்போல.

அவள் பின்னலில் பிச்சிப்பூ இருந்தது.

டெல்மா முதல்முறையாகக் கை எட்டும் அளவுக்குக் கல்லின் அருகில் போனாள். மற்றப் பெயர்களில் விரல் பட்டுப் பட்டு எழுத்தின் வெள்ளைச் சாயம் தேய்ந்து போயிருந்தது. சில பெயர்களை இனித் தடவித்தான் படிக்க வேண்டும். எஸ். கஸ்பார் மட்டும் பூசிய அன்றைக்கு இருந்த வெள்ளையிலேயே இருந்தார்.

ஜெப்ஸியும் தொட்டதில்லை.

“அப்ப இத சூசை கஸ்பாருன்னு ஆக்கிருவோம்,” என்றார் அண்ணாச்சி. “கீழ, சிலுவை கஸ்பார்.”

சிலுவை என்றதும் ஜெப்ஸி கண்களை மூடிக்கொண்டாள்.

இல்லை, இது உன்னுடையவர் என்று சொல்ல டெல்மாவுக்கு ஒரு மூச்சுப் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அல்லது, ஆமாம், என்னுடையவர் என்று தலையசைக்கலாம். எதைச் செய்தாலும் நயினார் உளியை எடுப்பான். மதியத்துக்குள் இரண்டு பேரும் கல்லுக்குள் போய்விடுவார்கள்.

“இன்னொரு பேரு வேண்டாம், அண்ணாச்சி.”

“ஏளா, ஒரு ஆளு விட்டுப்போயிருக்குல்லா?”

ஜெப்ஸி கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் அவள் கை டெல்மாவின் முழங்கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது.

“இருக்கது யாருன்னும் எனக்குத் தெரியாது,” என்றாள் டெல்மா. “அது அப்படியே கெடக்கட்டும்.”