இரண்டு மாடிக்கு நடுவில்

இந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. இந்தத் தடவையும் உள்ளே மாட்டிக்கொண்டவர் மேனேஜர்தான். மெக்கானிக் அரைமணி நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அவரு பயப்பட மாட்டாரு. போன வாரம் அம்மா செத்த மறுநாளே வேலைக்கு வந்தவரு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. ஆம்பளைன்னா அப்படி இருக்கணும்," என்றார் வாட்ச்மேன் பெருமையாக.

கதவைத் திறந்ததும் மேனேஜர் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தார். "உள்ளே ஒரே புழுக்கம்."

வாட்ச்மேன் தண்ணீர் எடுக்கப் போனார். மெக்கானிக் லிஃப்டுக்குள் எட்டிப் பார்த்தார். ஃபேன் ஜிலுஜிலுவென்று ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு ஸ்டாப் பட்டன் அழுந்தியபடியே இருந்தது. அதை மெல்ல விடுவித்தார்.

"ஒயர் கோளாறுன்னு எழுதிடறேன் சார்," என்றார் தாழ்ந்த குரலில். "நாளைக்கு நான் கொஞ்சம் மெதுவாவே வரேன். அம்மாவுக்காக அழ அரைமணி நேரம் எப்படிப் போதும்?"