முனை திரும்பிய பக்கம்

"மார்ச் 9. பிளாஸ்டிக் ஆன்டெனாத் தண்டின் முனையைச் சரியாகச் சீவவில்லை போலும். வேண்டாத சிக்னல் வருகிறது. என் தவறுதான்" என்று செய்முறை நோட்டில் எழுதினான் ரேடியோ மாலை வகுப்பு மாணவன்.

அலைகள் மேற்பரப்பை ஒட்டி ஓடும் அந்தச் சாண் நீளத் தண்டு பல அலைவரிசைகளைப் பிடிக்கும். ஆனால் முனை பார்க்கும் திசையில் மட்டும். பூட்டிய அறைப் பக்கம் திருப்பினால், ஹெட்போனில் யாரோ மூச்சுவிடுவதுபோல் ஓர் இரைச்சல்.

"அந்தப் பக்கம் திருப்பாதீங்க," என்றாள் மனைவி.

"எல்லாப் பக்கமும் அளக்கணும்மா. இல்லேன்னா வாத்தியார் காதைத் திருகிடுவாரு."

அவள் சிரிக்கவில்லை.

அவன் பூட்டைத் திறந்தான். காலித் தொட்டிலில், குழந்தை அழுதால் அடுத்த அறைக்குக் கேட்கவைக்கும் கருவியின் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. குழந்தை போய் ஒரு வருஷமாகிறது.

"அணைக்க மனசு வரலைங்க. நீங்க வேலைக்குப் போனதும் கேட்டுக்கிட்டிருப்பேன்."

அவன் நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினான்: "தவறு தண்டில் இல்லை. நாளை தொட்டில் கருவிக்குப் பேட்டரி வாங்க வேண்டும்."