ஒரு நிமிடப் படம்

இறந்தவரை வீட்டுச் சுவரில் நடமாட வைக்க, அவர் அசைகிற படம் ஒரு நிமிடம் இருந்தால் போதும். கரூரில் அப்படி ஒருவர் இல்லாத வீடே அபூர்வம்.

தெய்வானைக்குத்தான் அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. அவள் கணவர் வையாபுரி முப்பத்தோரு வருடம் உள்ளூர்ச் சேனலின் கேமராமேன். ஆற்றில் வெள்ளம், பஸ் விபத்து, சாலை மறியல் என்று ஊரையே படம்பிடித்தவர். சொந்த மகள் கல்யாணத்தில்கூட வீடியோக்காரரிடமிருந்து கேமராவைப் பிடுங்கிக்கொண்ட மனுஷன். பக்கத்து வீட்டுச் சுவரில் சிரிக்கும் பெரியவரே இவர் எடுத்த பேட்டியிலிருந்து வந்தவர்தான்.

"ஒரு பிரேம்லகூட சார் இல்லீங்கம்மா," என்றாள் சுவரைப் பொருத்த வந்த பெண். "பேட்டி எடுக்கறப்ப ஆளுங்ககிட்டப் பேசுன குரல் மட்டுந்தான் கெடச்சுதுங்க. போடட்டுங்களா?"

"போடு கண்ணு."

தெய்வானை முகம் கழுவி, தலைவாரிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். சுவர் வெறும் வெளிச்சமாக விழித்தது. அவள் கண்கொட்டாமல் அதையே பார்த்தாள்.

"கேமராவப் பாக்காதீங்கம்மா," என்றது வையாபுரியின் குரல். "என்னையப் பாருங்க."