ஒரு சாண் நகர்ந்தால் போதும்

"இன்னொரு தடவை சாவியைத் திருப்புங்க. நான் சத்தத்தைக் கேக்கணும்."

நாலு கதவு பிக்கப் வண்டியின் பின்சீட்டிலிருந்து வந்தது அந்தப் பெண்குரல். கறுப்புத் தாள் ஒட்டிய ஜன்னல் நாலு விரற்கடை மட்டும் இறங்கியிருந்ததால் ஆள் தெரியவில்லை.

ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் திருப்பினார். 'கரக்' என்று ஓர் உரசல். பிறகு காலி மிக்சி ஓடுவது போல வெறும் சுழற்சி. இன்ஜின் அசைந்து கொடுக்கவில்லை.

சைக்கிள் கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். காலங்காத்தால வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் வண்டியை நாலு வார்த்தை திட்டத்தான் இறங்கி வந்தார். ஓட்டுபவரின் முகத்தைப் பார்த்ததும் திட்டு தொண்டையிலேயே நின்றுவிட்டது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உதடு வெளுத்து, ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு... சீக்கிரம்..." என்றார் அவர்.

"ஆம்புலன்சுக்குச் சொன்னீங்களா?"

"சொல்லியாச்சுண்ணே. இருபத்தஞ்சு நிமிஷம் ஆகுமாம். அவ்வளவு நேரம் தாங்காது," என்றது பின்சீட்டுக் குரல். "எதிர்ல வந்த லாரியைப் பாத்துப் பதறிப்போய் பிரேக்கைப் போட்டாரு, அணைஞ்சுபோச்சு. நான் வண்டி ரிப்பேர் பாக்குறவதான். கொஞ்சம் கை குடுங்க, கிளப்பிடலாம்."

"பேட்டரி போயிருக்கும்மா."

"ஹார்னை அழுத்தச் சொல்லுங்க."

அழுத்தினார். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி பக்கெட்டைக் கீழே போட்டார்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ஸ்டார்ட்டர் மோட்டாரும் சுத்துது. ஆனா அதோட பல்லு இன்ஜின் சக்கரத்துப் பல்லைக் கவ்வல."

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. பிரிக்காமல் பழுது சொல்பவன் ஜோசியக்காரன் என்பது அவருடைய முப்பது வருஷக் கட்சி.

"பானெட்டைக்கூடத் திறக்கல. உக்காந்த இடத்துலேருந்தே எப்படிம்மா சொல்றே?"

"முதல்ல 'கரக்'னு கேட்டுதுல்ல? மோட்டாரோட பல்லு வெளிய வந்து தொடுது. தொட்டும் பிடிக்கல. அப்படின்னா தேஞ்சது..."

குரல் பாதியில் நின்றது.

கடைக்காரர் காத்திருந்தார். ஓட்டுபவர் பயந்த கண்ணோடு பின்னால் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து நீளமாக இழுத்துவிடும் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு நிமிஷம் போயிருக்கும். ஒரு வண்டிக்காக இப்படியா ஒருத்தி மூச்சை இழுத்துவிட்டு யோசிப்பாள்! கடைக்காரருக்குக் கையில் மயிர்க்கால் சிலிர்த்தது.

"...எதிர்ப்பக்கம்," என்று விட்ட இடத்திலேயே தொடர்ந்தது குரல். "இன்ஜின் சக்கரத்துல ஏதோ ஒரு இடத்துல மட்டும் பல்லு தேஞ்சிருக்கு. அணைஞ்சப்ப அந்த இடம் மோட்டாருக்கு நேரா வந்து நின்னுடுச்சு."

பல் விஷயம் கடைக்காரருக்குப் புரியும்.

"செயின் வழுக்குற மாதிரியா?"

"அதேதான்ணே."

"அப்ப தள்ளிக் கிளப்பிடுவோமா?"

"ஏத்தமா இருக்கே! இந்தக் கனத்தைத் தள்ளிக்கிட்டு ஓட நீங்க என்ன யானையா? ஒரு சாண் நகந்தா போதும். சக்கரம் லேசா திரும்பி நல்ல பல்லு நேரா வந்துடும். ஏங்க, சாவியை அணைங்க. நாலாவது கியர்ல போட்டுட்டுக் காலை எல்லாத்துலேருந்தும் எடுங்க. அண்ணே, நீங்க முன்னாடி வந்து பின்பக்கமாத் தள்ளுங்க."

கடைக்காரர் பானெட்டில் தோளைக் கொடுத்து முட்டினார். முதலில் வண்டி மலை மாதிரி நின்றது. மறு முட்டில் 'தடக்' என்று ஒரு சாண் பின்னால் போனது.

"போதும்! பிரேக்கைப் பிடிச்சுட்டுக் கியரை எடுங்க. இன்னும் சாவியைத் தொடாதீங்க... இருங்க..."

மறுபடியும் அந்த மௌனம். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "எவ்வளவு ஆச்சு?" என்றது குரல்.

ஓட்டுபவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிஷம்," என்றார் அழாக்குறையாக.

மோட்டார் சூடு ஆறுவதற்குக்கூட நிமிஷக் கணக்கு வைத்திருக்கிறாளே! பக்கத்தில் இப்படித் துவண்டுகொண்டிருக்கும் மனுஷனை வைத்துக்கொண்டு! கடைக்காரர் வியந்து தலையை ஆட்டிக்கொண்டார்.

"இப்ப திருப்புங்க."

ஒரே திருப்பு. இன்ஜின் உறுமிக்கொண்டு எழுந்தது.

"அடேயப்பா!" கடைக்காரர் தன்னையறியாமல் ஜன்னலைப் பார்த்துக் கைகூப்பிவிட்டார். "ஏம்மா, உன் காதுக்கு எத்தனை தோடு போட்டாலும் தகும்! இனிமே பிரிச்சுத்தான் பாக்கணும்னு யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அப்புறம் பேசலாம்ணே. ஏங்க, எடுங்க."

வண்டி நகரவில்லை. கிளட்சை மிதிக்காமலே கியரை இழுத்துக்கொண்டிருந்தார் ஓட்டுபவர்.

"இந்த நிலைமையில இவரு ஓட்டினா ரெண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான். நான் ஓட்டுறேன்," என்றார் கடைக்காரர். அவரைக் கைத்தாங்கலாக இறக்கினார். "இவரு பின்னாடி காலை நீட்டிப் படுக்கட்டும். நீ இந்தப் பக்கம் வந்துடும்மா."

சொல்லிக்கொண்டே பின்கதவைத் திறந்தார்.

படுக்க வைக்க அங்கே இடமில்லை. எதிர்க்கதவில் முதுகைச் சாய்த்து, சீட் பெல்ட்டைக் கையில் முறுக்கிக்கொண்டு, நிறைமாத வயிற்றோடு சீட் முழுக்கக் கிடந்தாள் அவள்.

"அவருக்கு ஒண்ணுமில்லண்ணே, முதல் பிள்ளை, அதான் பயந்துட்டாரு. முன்னாடி உக்கார வெச்சுட்டு வண்டியை எடுங்க," என்றாள். "அடுத்த வலி நாலு நிமிஷத்துல வந்துடும்."