குழிக்குள் நிற்பவள்

ஆண்டின் மிகக் குறுகிய பகல் சாய்கிறது. நெடுங்கற்களை வட்டமாக நட்ட பழங்காலக் கல்வட்டத்தில் ஒரு கல் நின்ற இடத்தில் சேற்றுக்குழி. அந்தக் கல்லைத் தோண்டியெடுத்துத் தன் மாட்டுக்கொட்டகை கேட்டுக்குத் தூணாக நட்டிருக்கிறான் நிலத்துக்காரன் ஃபின்பார். ஆனால் அவன் டிராக்டர் தடம் ஒற்றை முள்மரத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. “மரத்துல குடியிருக்கறவங்க சும்மா விடமாட்டாங்கன்னு பயம். கல்லுன்னா மட்டும் இளக்காரமா?” என்று கத்துகிறாள் பக்கத்து நிலத்துக்காரி கோப்னட். “சும்மாதானே நின்னுச்சு, கோப்னட்!” “ஐயாயிரம் வருஷமா நின்னுச்சுடா!” மலை இடுக்கிலிருந்து சிவப்பு வெயில் வட்டத்துக்குள் நுழைகிறது. ஆண்டில் இந்த ஒரு மாலையில்தான் அந்தக் கல்லின் நிழல் எதிரே கிடத்தியிருக்கும் படுக்கைக் கல்லைத் தொடும். இன்று படுக்கைக் கல் நிழல் விழாமல் வெறுமனே பளபளக்கிறது. கோப்னட் பல்லைக் கடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கி விறைப்பாக நிற்கிறாள். அவள் நிழல் நீண்டுபோய் படுக்கைக் கல்லைத் தொடுகிறது. “போய்க் கல்லக் கொண்டா. அதுவரைக்கும் நான் நிக்கறேன்.”